வண்டியைவிட வயது குறைந்த பெல்ட்

பழைய கார் சந்தையில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. 'பெல்ட் அண்ணன்' என்றால்தான் தெரியும். ஒரு வண்டியை விலைக்குப் பார்க்கப் போனால் மற்றவர்கள் பானெட்டைத் திறப்பார்கள், டயரை உதைப்பார்கள். இவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவி இழுப்பார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கழுவி எடுத்தாலும், பெல்ட்டின் சுருளுக்குள் புகுந்த சேறு கறையாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

"அண்ணே, பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தான் இழுத்துப் பார்த்தீங்களா?" என்று புரோக்கர்கள் கிண்டலடிப்பார்கள்.

"அங்க அவதான்டா என்னை இழுத்துப் பார்த்தா. கறை இல்லைன்னு எடுத்துக்கிட்டா" என்பார்.

அந்த 'அவள்'தான் அவருடைய பாதித் தொழில். அவர் வாங்கி விற்கும் வண்டியின் உட்புறத்தைத் துடைத்துப் புதுசு போல ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை.

அன்று காலை ஒரு வெள்ளை வண்டி விலைபோனது. வாங்கியவன் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் இளைஞன். பல வருஷம் ஏங்கிக் கிடந்த பிறகு பிறந்த பெண் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து சொந்தக் காரில் அழைத்து வர வேண்டும் என்பது அவன் ஆசை. அவசரம் அவசரமாகச் சாவியை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டான்.

துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே மனைவி கேட்டாள். "என்னங்க, அந்த வண்டி எந்த வருஷத்து வண்டி?"

சொன்னார்.

அவள் கை நின்றது. "அப்ப பெல்ட் எல்லாம் எப்படிங்க மூணு வருஷம் இளசா இருக்கு? அடியில துணி அட்டை தைச்சிருக்கே, அதுல வருஷம் போட்டிருந்துச்சே!"

அவர் முகம் வெளுத்துப்போனது. அவருக்கு அந்த வண்டியை விற்ற புரோக்கரின் சிரிப்பு காதில் கேட்டது: 'இழுங்கண்ணே, ஆசை தீர இழுங்க!' எல்லா பெல்ட்டையும் இழுத்தார். பளிச்சென்று இருந்தன. அந்தத் திருப்தியில் வேறு எதையும் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவர் எதை இழுப்பார் என்பது ஊருக்கே தெரியும். அவருக்காகவே பெல்ட்டை மாற்றியிருக்கிறான் பாவி!

மூழ்கிய வண்டி ஓடும். நன்றாகவே ஓடும். ஒயருக்குள் துரு பூத்துக்கொண்டே இருக்கும். எந்த நிமிஷம் என்று சொல்லாமல் அணைந்துபோகும். ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பையன் வீட்டுக்கும் நடுவில் லாரிகள் இரைந்து ஓடும் பெரிய பாலம்.

பையனுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கையிலிருந்த அத்தனையும் அந்த ஒரே வண்டியில்தான் முடங்கிக் கிடந்தது. திருப்பி வாங்கினால் இந்தக் கொட்டகையே மிஞ்சாது.

"ஒருவேளை ஒண்ணும் ஆகாம போயிடுமோ?" அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ஆயிடுச்சுன்னா?" என்றாள். "அந்தப் பச்சைப் புள்ளைக்கு பெல்ட்கூடப் போட முடியாதுங்க."

அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை. ஸ்கூட்டர் பாலத்தில் ஏறியபோது எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளை வண்டியும் அவர் நெஞ்சில் மோதியது. அதுவா? இல்லை. இதுவா? இல்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தபோது வாய்விட்டே கதறினார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையோடு இளைஞனின் மனைவி பின்சீட்டில் அமர்ந்துகொண்டிருந்தாள். அவர் ஸ்கூட்டரைக் குறுக்கே போட்டார்.

"தம்பி! எடுக்காதப்பா! எடுக்காத!"

"என்னண்ணே, கூட விலை குடுக்க ஆள் வந்துட்டாங்களா?" இளைஞன் முறைத்தான். "வித்தது வித்ததுதான்!"

அவர் கதவைத் திறந்து மண்டியிட்டார். முன்சீட்டுக்கு அடியில் கார்பெட்டைப் பிய்த்துத் தூக்கினார். காய்ந்த சேறு பொலபொலவென்று உதிர்ந்தது.

முதலில் புரிந்துகொண்டது அந்தத் தாய்தான். குழந்தையை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். "இதுலயா அண்ணா என் புள்ளையை ஏத்தச் சொன்னீங்க?"

"எனக்கே இப்பத்தாம்மா தெரியும். பணம் முழுசும் இன்னிக்கே வீடு தேடி வரும்."

இளைஞன் அவர் சட்டையைப் பிடித்தான். தன் மனைவியைப் பார்த்துவிட்டு, விட்டான். சாவியைக் கீழே எறிந்தான். அவர்கள் டாக்ஸியில் ஏறிப் போகும்வரை அவர் தலை நிமிரவில்லை.

ஸ்கூட்டரைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வெள்ளை வண்டியை எடுத்தார். வெண்ணெய் போல ஓடியது. அவசரப்பட்டுக் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமோ? பாலத்தின் உச்சி வந்தது.

டாஷ்போர்டு இருண்டது. இன்ஜின் மூச்சை விட்டது. ஸ்டீயரிங் கல்லாய் இறுகியது. பின்னால் ஒரு லாரி டயர் தேய, ஒரு கை இடைவெளியில் வந்து நின்றது.

போனை எடுத்து மனைவியை அழைத்தார். "பாலத்து மேல நின்னுடுச்சும்மா."

மறுமுனையில் "உள்ள யாரெல்லாம் இருக்கீங்க?" என்றாள்.

அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் மட்டும்தான்."

பின்னால் ஹாரன்கள் அலறின. அதையும் மீறி, அவள் அழுவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.