அண்டாவும் அப்டேட்டும்

தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் விடியற்காலை நாலரைக்கு வரும், ஐந்தரைக்கு நிற்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பிடித்தால் உண்டு. விட்டால் அன்றைக்குக் குளியலும் கிடையாது, இட்லிக்கு அரிசியும் ஊறாது. இத்தனை முக்கியமான காரியத்துக்குச் சந்து முழுவதும் நம்பியிருந்தது நஜிமுதீன் பாயின் போனை. பாயை நம்பி யாரும் ஒரு சொம்பைக்கூட வரிசையில் வைக்க மாட்டார்கள்.

பாய்க்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். இங்கே பை தைக்கிற ஒர்க்‌ஷாப்பில் ஜிப் வைக்கிற வேலை. சுற்றிலும் மோட்டார் மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அங்கே இரைச்சல் இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். இரைச்சல் அடங்கினால்தான் பயம். ஒன்று கரண்ட் போயிருக்கும், அல்லது சேட் வந்து நின்று யாரையோ பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார். இப்படியே பழகிப்போன அவர் காது பெரிய சத்தம் எதற்கும் அசையாது. வாசலில் கல்யாண பேண்டு வாசித்தாலும் புரண்டுகூடப் படுக்க மாட்டார். பெயரைச் சொல்லித் திட்டினால் மட்டும் சட்டென்று எழுந்துவிடுவார். அது சேட்டின் உபயம்.

மனைவி மெஹராஜ் இருந்தவரை, திட்டி எழுப்புகிற வேலையை அவர் பார்த்துக்கொண்டார். மெஹராஜ் காலமான பிறகு பாய் வீட்டில் திட்டவும் ஆளில்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. விக்ரோலியில் கட்டிக்கொடுத்த மகள் உமைரா வந்து வாப்பாவின் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். பழைய காலத்து டெலிபோன் மணிச் சத்தம். தன் காதின் யோக்கியதை தெரிந்த பாய், வெறும் போன் எந்த மூலைக்கு என்று அதை மெஹராஜின் பிரியாணி அண்டாவுக்குள் போட்டுவிட்டுப் படுத்தார். மறுநாள் விடியற்காலை அந்த அண்டா முழங்கிய முழக்கத்தில் சந்தே எழுந்து வெளியே வந்து நின்றது. அடுத்த சந்தில் பூகம்பம் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாய் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்று எல்லார் வீட்டிலும் தண்ணீர் நிரம்பியது. அதனால் அதுவே ஏற்பாடாகிவிட்டது. அண்டா வாசலுக்கு வந்தது. போனை யாரும் எடுத்துப் போய்விடாமலிருக்க, இட்லி விற்கும் கோமதியம்மாள் தன் பழைய இட்லித் தட்டைக் கொடுத்தார். அதை மேலே மூடி, சங்கிலி சுற்றி, பாய் பூட்டிவிடுவார். குழிகளின் ஓட்டை வழியாகச் சத்தம் வரும், கை போகாது. சாவி பாயின் தலையணைக்கு அடியில். ஆகவே தினமும் அலாரம் சந்தை எழுப்பும். அலாரத்தை நிறுத்துவதற்காகச் சந்து பாயை எழுப்பும். பெரும்பாலும் அது கோமதியம்மாளின் பொறுப்பு.

"வே நஜிமுதீன் பாய், எந்திரியும். பானி வந்தாச்சு. ஒம்ம போனு கெடந்து கத்துது, நீரு கெடந்து ஒறங்குதீரு. மனுசனா நீரு?"

பாய் சாவியோடு வருவார், பூட்டைத் திறப்பார், இன்னும் நாலு வார்த்தை வாங்கிக்கொள்வார், பிறகு குடத்தோடு வரிசையில் நிற்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விருந்துக்கு வந்தவர் மாதிரி இருக்கும்.

இந்த நிலையில்தான் போன் ஒருநாள் கேட்டது: புதிய பெரிய அப்டேட் வந்திருக்கிறது, இப்போது போடலாமா, பிறகு போடலாமா. பாய் "பிறகு" என்பதை அழுத்தினார். மறுநாளும் கேட்டது, மறுநாளும் அழுத்தினார். இரண்டு பேருமே சளைக்கவில்லை. கடைசியில் உமைரா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டாள்.

"போட்டுருங்க வாப்பா. இல்லேன்னா பேங்க் ஆப்பு நின்னுரும். சேட்டு எதுல சம்பளம் போடுவாரு?"

"போட்டா அலாரம் போயிருமே?"

"போனா வேற வச்சுக்கிடலாம்."

மகளிடம் சொல்லாததை டீக்கடையில் என்னிடம்தான் சொன்னார். "சந்துக்கு என்னய்யா, ஆளுக்கொரு போன் இருக்கு. அலாரம் கெட்டுப்போனா அவனவன் வச்சு எந்திரிச்சுக்கிடுவான். என் கதவ யாரு தட்டுவா?" எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

விஷயம் தண்ணிக் கமிட்டிக்குப் போனது. கமிட்டி என்றால் டெம்போ ஓட்டும் பேச்சிராஜாதான். அவரே செயலாளர், அவரே உறுப்பினர். குழாயடியில் கூட்டம் போட்டார்.

"பாய், இது ஒம்ம போனுன்னு மட்டும் நெனச்சிராதேயும். இது சந்துக்குப் பொதுச் சொத்து. நம்ம இஷ்டத்துக்குக் கை வைக்கப்பிடாது" என்றார்.

மாட்டுங்காவில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கும் பிரேமலதா, "அரே, சிம்பிள் அப்டேட் அண்ணாச்சி. குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது" என்றாள். அவள் ஆங்கிலம் படித்தவள் என்பதால் அவள் சொன்னதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வருகிற ஞாயிறு என்று முடிவானது. மதியம் லுஹர் தொழுகை முடிந்துதான் தொடங்குவேன் என்றார் பாய். சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம், அதற்குள் முடிய வேண்டும் என்றார் பேச்சிராஜா. விரலால் அழுத்துகிற நேரம்தான் நேரமா, போன் அணைந்து மறுபடி உயிர் பெறுகிற நேரம்தான் நேரமா என்று ஒரு சண்டை வந்தது. குழந்தைக்கு ஜாதகம் கணிப்பது பிறந்த நேரத்தை வைத்துத்தானே, ஆகவே உயிர் பெறுகிற நேரம்தான் என்று கோமதியம்மாள் தீர்ப்புச் சொன்னார்.

முன்னெச்சரிக்கையாக, ஞாயிறு காலையில் வந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைக்க வேண்டும் என்று கமிட்டி உத்தரவு போட்டது. குடம், டிரம், வாளி, குக்கர், பிள்ளைகளின் வாட்டர் பாட்டில், எல்லாம் நிரம்பின. பாய் தன் பங்குக்குப் பிரியாணி அண்டாவைக் கழுவி, கழுத்து வரை நிரப்பினார். அது ஆபத்துக்கு, யாரும் தொடக்கூடாது என்று பேச்சிராஜா அதற்குத் தன் துண்டைக் கட்டிவிட்டார்.

மதியம் பாய் கண்ணை மூடி, பிஸ்மில்லா சொல்லி, "இப்போது" என்பதை அழுத்தினார். போன் அதன்பாட்டுக்கு அப்டேட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு கோடு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, வீட்டில் இவ்வளவு தண்ணீர் இருப்பது உறுத்தத் தொடங்கியது. முதலில் பேச்சிராஜா டெம்போவைக் கழுவினார். அதைப் பார்த்து ஒருவர் போர்வை துவைத்தார், அதைப் பார்த்து இன்னொருவர் தலைக்குக் குளித்தார். சாயங்காலத்துக்குள் சந்தே பளபளத்தது. தண்ணீர் இருந்தது அண்டாவில் மட்டும்தான்.

சொல்லி வைத்தாற்போல் நாலரைக்குப் போன் அணைந்து, ராகு காலத்தின் நடுவில் உயிர் பெற்றது. பேச்சிராஜா உடனே அதன்மேல் ஒரு தினசரியைப் போட்டு மூடி, ஆறு மணி வரை யாரும் அதன் முகம் பார்க்கக்கூடாது என்றார். ஆறு மணிக்குப் பிரேமலதா எடுத்து அலாரத்தை அடிக்கவிட்டுக் காட்டினாள். அதே டெலிபோன் மணி. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இரவு படுக்கப் போகும்போது அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. அதற்குள் போனைப் போட முடியாது, அண்டாவைக் காலி செய்யவும் கமிட்டி விடாது. ஒரு நாள்தானே என்று போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார் பாய். இதை எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. எங்கள் கவலையெல்லாம் அப்டேட்டின் மேல் இருந்தது.

விடியற்காலையில் அலாரம் அடித்தது. அண்டா இல்லாத அந்த மணி, பாவம், மெலிசாகக் கிணுகிணுத்தது. சந்து குறட்டை விட்டது. பாய் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். இத்தனை அமைதியில் ஒரு மெல்லிய சத்தம் கேட்டால் அவர் காதுக்கு ஒரே அர்த்தம்தான். மோட்டார் நின்றுவிட்டது, சேட் வந்துவிட்டார். பதறிக்கொண்டு வெளியே வந்தால் யாருமே இல்லை. குழாய் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றாராம். அண்டா வாசலுக்கு வந்த பிறகு, கதவு தட்டப்படாமல் அவர் எழுந்த முதல் காலை அது. பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகத் தட்டத் தொடங்கினார். இத்தனை காலம் வாங்கிச் சேர்த்த திட்டு எல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தது. "பேச்சிராஜா, எந்திரியும். பானி வந்தாச்சு. கமிட்டியாம் கமிட்டி. மனுசனா நீரு?" என் கதவுக்கும் ஒன்று கிடைத்தது. அதை இங்கே எழுத முடியாது.

கடைசியாகக் கோமதியம்மாள் வீடு. கதவைத் திறந்தவர் பாயை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரா? அப்ப ஒம்ம கதவ யாரு தட்டுனா?"

பாய் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார்.

தண்ணீர் பிடித்துக்கொண்டே எல்லாரும் அப்டேட்டைத் திட்டினோம். பேச்சிராஜா ராகு காலத்தைத் திட்டினார். பிரேமலதாதான் போனை வாங்கி அலாரத்தை அடிக்கவிட்டுப் பார்த்துவிட்டு, நிரம்பி நின்ற அண்டாவை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை பார்த்தாள். அலாரத்தில் கோளாறு இல்லை, அண்டாதான் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"ஆனா ஒண்ணு சாச்சா" என்றாள் அவள், நல்ல மனதோடுதான். "தலைமாட்டுல வச்சா நீங்களே எந்திரிக்கிறீங்களே. இனிமே அண்டா எதுக்கு? நாங்க எங்க போன்ல வச்சுக்கிறோம். யாரும் வந்து உங்க கதவத் தட்ட வேணாம். டென்ஷனே இல்ல."

அவள் சொன்னது சரி. பாய் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

கோமதியம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். நேரே போய்ப் பேச்சிராஜாவின் துண்டை அவிழ்த்து எறிந்தார். அண்டாத் தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சமாக எங்கள் வாளிகளில் சாய்த்தார். பிறகு முந்தானையால் உள்ளே ஈரம் போகத் துடைத்து, இட்லித் தட்டை எடுத்து மேலே வைத்தார்.

"ராத்திரி போன இதுக்குள்ள போடும்" என்றார். "எனக்கு வேற சத்தத்துக்கு முழிப்புத் தட்டாது."

மறுநாள் விடியற்காலை அண்டா முழங்கியது. அடுத்த சந்தில் யாரோ வழக்கம்போல் சபித்தார்கள். நான் குடத்தோடு வெளியே வந்தபோது கோமதியம்மாள் பாயின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே விளக்கு எரிந்தது, ஆனாலும் அன்று கதவு திறக்கக் கொஞ்சம் நேரமானது. கோமதியம்மாளும் அவசரப்படவில்லை. வரிசையில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, முதலிலிருந்து திட்டத் தொடங்கினார்.