அக்கா பிரிக்காத கடிதம்

என் அக்கா மரகதம் நாகசுரம் வாசிப்பாள், சாத்திய கதவுக்குப் பின்னால். நாங்கள் இருந்த பத்துபஸ்திப் பேட்டை முழுக்கக் கேட்கும், ஆனாலும் கதவு சாத்தியிருக்க வேண்டும். அது அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. எங்கள் குடும்பத்தில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாயனம்தான். எனக்கு மூச்சு போதாது என்று அப்பா தவிலைக் கொடுத்துவிட்டார். அக்கா கூட இருந்தே நாயனத்தைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டோட வச்சுக்க. பந்தல்ல பொம்பள ஊதுனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்" என்று அப்பா சொன்னதோடு சரி.

அத்தான் இராமகிருஷ்ணனுக்குப் போர்ட் பிளேரில் சர்க்கார் வேலை. அவர்களோடு நானும் கப்பலேறினேன். தீவில் என் தவிலுக்கு ஜோடி வியாகுலம் அண்ணன், பாண்டு கோஷ்டியில் கிளாரினெட் ஊதுகிறவர். தங்கமான மனுஷர். ஆனால் அவர் கல்யாணி வாசித்தால் மாப்பிள்ளைக்குச் சல்யூட் அடிக்கத்தான் தோன்றும்.

அறுபத்தாறில் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து பொன்னம்மா, மகள் கல்யாணத்துக்கு வாசிக்கச் சொல்லி அக்காவிடம் வந்தார்.

"நீயே ஊதேன் மரகதம். மெயின்லேண்டுலேருந்து ஆள் வந்து சேர்றதுக்குள்ள எம்பொண்ணுக்குப் பச்சா பொறந்துடும்."

அக்கா அன்றைக்கே அப்பாவுக்கு எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். பந்தலில் வாசிக்கட்டுமா, ஒத்து ஊதக்கூட ஆளில்லை, சுருதிப்பெட்டிதான், ஆனாலும் ஆசையாயிருக்கிறது. 'ஆசையாயிருக்கிறது' என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தாள்.

பதில் இல்லாமலே ஒரு கப்பல் வந்து போயிற்று. கல்யாணமும் வியாகுலம் அண்ணன் புண்ணியத்தில் நடந்து முடிந்தது. அடுத்த கப்பலில் இரண்டு கடிதங்கள் சேர்ந்து வந்தன. சித்தப்பாவுடையதை முதலில் பிரித்தோம். அப்பா தவறிப் பதினேழு நாளாகியிருந்தது. தந்தி கொடுத்து என்ன, கப்பல் இல்லாமல் நீந்தியா வரப்போகிறீர்கள் என்று சித்தப்பா எழுதியிருந்தார். இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

மற்றது அப்பாவின் கையெழுத்து. அக்கா அதைப் பிரிக்க விடவில்லை.

"கூடாதுன்னுதான் எழுதியிருப்பாருடா. பிரிக்காத வரைக்கும் அவர் அதைச் சொல்லல, இல்லியா?"

புடவைகளுக்கு நடுவில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அதன்பிறகு எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். யாருக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கதவுக்கு உள்ளே அவள் தோடி வாசிப்பாள், வெளியே நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கிடப்பேன். அந்த நாயனத்தோடு ஒரு பந்தலில் உட்கார எனக்கு அப்படி ஓர் ஏக்கம்.

முதல் வருஷத் திதி அன்று சாப்பிட்டுக் கை கழுவியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. சாவியைத் தேடியெடுத்துப் பெட்டியைத் திறந்து கடிதத்தைப் பிரித்தேன். பிடுங்க வந்தவளை ஒரு கையால் தடுத்துக்கொண்டு உரக்கப் படித்தேன்.

"மரகதத்துக்கு ஆசீர்வாதம். தாராளமாக வாசி. சுருதிப்பெட்டியை வைத்து என் மானத்தை வாங்காதே. அடுத்த கப்பலில் வருகிறேன். ஒத்து நான் ஊதுகிறேன்."

ஒத்து என்றால் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது. எந்தக் கோஷ்டியிலும் அது கற்றுக்கொள்ள வந்த பொடியன்களின் வேலை. கோயில் மரியாதையில் மாலை அரை முழம் குறைந்ததற்காக வாசிக்காமல் திரும்பியவர் எங்கள் அப்பா.

அக்கா கடிதத்தை வாங்கித் தேதியை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு வருஷமா அவரைப் பின்னால நிக்க வச்சிட்டு, நான் வாசிக்கவே இல்லியேடா சண்முகம்" என்றாள்.