கேப்டனின் செக்லிஸ்ட்

கேப்டன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நிஜ விமானத்தில் ஏறியிருக்கிறார். ஜன்னலோரம்தான் வேண்டும் என்று கவுண்டரில் சண்டை போட்டு வாங்கினார். விமானம் மேலே கிளம்பியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தரையைத் தொடும்வரை பக்கத்திலிருந்த மனைவியின் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். மற்றபடி அவர் பார்த்த உத்தியோகம் ஒரு டயர் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுவது. கேப்டன் என்ற பட்டம், ஹெட்போனில் மட்டும் பேசிக்கொள்ளும், கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டும் நாலைந்து சிமுலேட்டர் பைத்தியங்கள் கொடுத்தது. மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் வாயில் அது வசவு.

ஓய்வு பெற்ற கையோடு மனிதர் வீட்டின் இரண்டாவது அறையை விமானமாக்கிவிட்டார். மேஜைமேல் மூன்று மானிட்டர், ஒரு பக்கம் சாயும் ஆபீஸ் நாற்காலி, சமையலறையிலிருந்து காணாமல் போன மரக் கரண்டியின் காம்பில் செய்த ஒரு லீவர். பறப்பதிலாவது ஆசை என்றால் போகட்டும் என்று விடலாம். இவருடைய ஆசை செக்லிஸ்டில். கிளம்புவதற்கு முன், கிளம்பிய பின், இறங்குவதற்கு முன் என்று ஒவ்வொன்றையும் படித்துப் படித்துச் சரிபார்க்கும் அட்டை அது. சிமுலேட்டரோடு வரும் அட்டை இவருக்கு ஆகாது. "அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்பார். ஒவ்வொரு விமானத்துக்கும் தானே எழுதுவார். எச்சரிக்கை வரிக்கு மஞ்சள் போதுமா, ஆரஞ்சு வேண்டுமா என்று வாரக்கணக்கில் யோசிப்பார். பிறகு லேமினேட் செய்து, மூலையில் ஓட்டை போட்டு வளையத்தில் கோர்ப்பார். தாள் பறக்குமாம், அதனால் அந்த அறையில் மின்விசிறி போடக் கூடாது. விமானம் பறப்பது என்னவோ எப்போதாவதுதான், அதுவும் பாதி நேரம் ஓடுதளத்தைத் தாண்டிப் புல்லில் போய் நின்றுவிடும். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம்.

மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். டாக்டர் கிறுக்கியதைப் படித்து, மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்த்து, கண்ணால் பார்க்காத எதையும் பில்லில் ஏற்றாதவள். நாள் முழுக்க நின்ற காலோடு வீட்டுக்கு வந்தால் இங்கே இன்னொரு வேலை காத்திருக்கும். "நிஜ விமானத்துல ஒருத்தர் படிக்கணும், இன்னொருத்தர் பாத்துப் பதில் சொல்லணும். தனியாப் பண்ணக் கூடாது" என்பது கேப்டனின் சட்டம். ஆக, தினமும் சாயங்காலம் அட்டை ஒத்திகை. அவள்தான் கோ-பைலட், அதாவது துணை விமானி; முக்காலியில் உட்கார்ந்து படிக்க வேண்டும், அவர் பதில் சொல்வார்.

ஒரு நாள், "எரிபொருள் பம்ப்?" என்று படித்தாள்.

"ஆன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பம்பின் விளக்கு எரியவில்லை. "ஆன் பண்ணவே இல்லியே?"

"நீ படி. நடுவுல பேசினா ஓட்டம் கெடுது."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. மனிதர் எதையும் பார்ப்பதே இல்லை. அட்டை மனப்பாடம், பதிலும் மனப்பாடம். மறுநாள் அட்டையில் இல்லாததைச் சேர்த்துப் படித்துப் பார்த்தாள்.

"பின் சீட்டுல எருமை?"

"செக்."

"எருமைக்குத் தண்ணி?"

"செட்."

அடுத்த நாள் மருந்துக் கடையில் இதைச் சொன்னபோது கடையே சிரித்தது. அவளும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எருமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். வியாழக்கிழமை முடிவு வந்துவிடும் என்ற டாக்டர், "வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். கேப்டனிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியாதா? புதன்கிழமை ஒத்திகையில் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே நிறுத்தி, நிதானமாகப் படித்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. நீங்க என்கூட வர்றீங்க?"

"செட்."

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பது இதுதான். தெரிந்தும் மனசு ஒரு மூலையில் நம்பியது. அப்படி நம்பியதற்காக அவள் பிறகு தன்னைத்தான் அதிகம் திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது கேப்டன் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கா? நீ சொல்லவே இல்லியேம்மா. புது விமானம் வந்திருக்கு. என் லிஸ்டுக்காக நாலு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. நீ போயிட்டு வா, சும்மா ரிசல்ட்தானே?"

அவள் தனியாகப் போனாள். கெட்ட கட்டிதான், ஆனால் சின்னது, திங்கட்கிழமையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். யாரும் வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. கட்டிக்காகக் கூட அவள் அவ்வளவு கூசவில்லை.

வீட்டுக்கு வந்து கேப்டனின் தலையிலிருந்து ஹெட்போனைத் தன் கையாலேயே கழற்றி வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் செத்துப்போனது. "நான் இருக்கேன். ஒண்ணும் கவலைப்படாத, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக அவள் அந்த மனிதருக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டாள். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் பிளாஸ்டிக் சூடாகும் வாடை வந்தது.

சாயங்காலம் கேப்டன் அட்டையோடு வெளியே வந்தார். 'ஆஸ்பத்திரி, கிளம்புவதற்கு முன்' என்று தலைப்பு. இரண்டு பக்கமும் அச்சு, எச்சரிக்கை வரிகளுக்கு ஆரஞ்சு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, வலது ஓரத்தில், அதை யார் செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது.

அவள் பழக்கதோஷத்தில் சத்தமாகவே படித்தாள். "பழைய ரிப்போர்ட், கோ-பைலட். மாத்து துணி, கோ-பைலட். வாடகை வண்டிக்குச் சொல்றது, கோ-பைலட். காலையில சாப்பிடாம இருக்கிறது, கோ-பைலட்." அட்டையைத் திருப்பினாள். "கேப்டனுக்கு ஒரு வேலையும் காணோமே?"

"கடைசி வரியப் பாரு."

கடைசி வரியில், 'எல்லாம் முடிந்ததா என்று கேட்டல், கேப்டன்' என்றிருந்தது.

"எதையாவது விட்டிருக்கேனா சொல்லு, பாக்கலாம்" என்றார். குரலில் பெருமை வழிந்தது.

"ஒண்ணு விட்டுட்டீங்க."

"எது?" பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தார்.

"கூட வர்றது."

"அடடா, ஆமா" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, அடியில் இருந்த வெள்ளை இடத்தில் அழகான எழுத்தில் 'கூட வருதல்' என்று எழுதினார். மார்க்கரை வலது ஓரத்துக்குக் கொண்டுபோனவர், அங்கேயே நிறுத்தி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"இதுக்கு யாரைப் போடட்டும்? உன் தங்கச்சி வீட்ல சும்மாதானே இருக்கா?"

அவள் எழுந்து போய்த் தங்கைக்குப் போன் செய்தாள். அவளிடம் ஒரு தடவைதான் சொல்ல வேண்டியிருந்தது.