துரையின் ஜெர்மன் கைத்துப்பாக்கி

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய துரையின் பங்களாவில் நான் அப்பு வேலையில் இருந்தேன். சமையல், மேசை, துணிமணி, நாய் எல்லாம் என் தலையில். அவற்றோடு ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தது. ஜெர்மன்காரன் செய்தது. யுத்தத்தில் சரணடைந்த ஓர் அதிகாரியின் இடுப்பிலிருந்து துரை கழற்றிக்கொண்டு வந்தாராம். அவ்வப்போது நான் அதற்கு எண்ணெய் போடுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையடிப்பார். துரைசானி பிள்ளைகளோடு முன்னமே சீமைக்குப் போய்விட்டதால் கேட்பதற்கு வேறு ஆளில்லை.

"இது போலீஸ்காரனுக்குன்னு செஞ்சது, அப்பு. கோட்டுப் பைக்குள்ள தோட்டாவோட வச்சிருக்கலாம், தானா வெடிக்காது" என்பார். அதற்கு முன் வந்த சின்னத் துப்பாக்கிகளில் பின்னாலிருக்கும் சுத்தியலைக் கையால் இழுத்து வைத்தால்தான் சுட முடியுமாம். இதில் விசையை அழுத்தினாலே சுத்தியல் பின்னுக்குப் போய் விழும். ரிவால்வரில் இருந்த அந்த வசதியை இதற்குள் கொண்டுவந்ததுதான் ஜெர்மன்காரனின் கெட்டித்தனமாம்.

தோட்டாக்களைக் கழற்றிவிட்டு என்னையும் அழுத்திப் பார்க்கச் சொல்வார். விசை நல்ல பாரம். விரல் நெடுந்தூரம் பின்னால் வரவேண்டும். சுத்தியல் மெல்ல எழும்புவது கண்ணுக்குத் தெரியும். அதற்குள் மனசு மாறி விரலைத் தளர்த்தினால் அது திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். கட்டைவிரலால் சுத்தியலை முன்னமே இழுத்து வைத்துவிட்டால் கதையே வேறு. விசையைத் தொட்டால் போதும்.

ஐம்பதுகளின் நடுவில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். போகும்போது வளர்த்த நாயைச் சுட்டுவிட்டுப் போவது அவர்களில் சிலருக்கு வழக்கம். இன்னொருவன் கையில் அது சீரழியக் கூடாதாம். அதற்குப் பெயர் அன்பு என்று நினைத்தார்கள். எங்கள் துரைக்கும் கப்பலேறும் நாள் வந்தது. நாய் கறுப்பு லாப்ரடார்; குட்டியிலிருந்து என் கையால் தின்றது.

"நான் வச்சு வளத்துக்கிறேங்க, தொரை" என்றேன்.

"லயத்துலயா? ஒம் புள்ளகுட்டி படுக்கவே ஒரே ஒரு காம்பராதான். அங்க அது சொறி புடிச்சுச் சாகும். வேணாம். நீ வந்து புடிச்சுக்க."

பங்களாவுக்குப் பின்னால், தேயிலை தொடங்கும் இடத்தில், கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். காலை வெயில் அடித்தது. குளிப்பாட்டத்தான் பிடிக்கிறேன் என்று நினைத்து நாய் திமிறியது. அதட்டினேன், உட்கார்ந்தது.

துரை விசையை அழுத்தினார். சுத்தியல் எழும்பியது, பாதியில் நின்றது, திரும்பப் படுத்தது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் படுத்தது. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த மனுஷனால் முடியாது, போலீஸ்காரனுக்காக வைத்த பாரம் நாயைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினேன். பட்டியைப் பிடித்திருந்த கையைக்கூடத் தளர்த்தினேன்.

துரை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு கட்டைவிரலால் சுத்தியலை இழுத்து வைத்தார்.

சத்தம் பெரிதாக இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. குழி வெட்டினேன், கை கழுவினேன், முட்டை பொரித்து மேசையில் வைத்தேன். டீ ஆறிப்போச்சு என்றார். வேறு ஊற்றிக் கொடுத்தேன். உடம்பு பாட்டுக்கு வேலை செய்தது, உள்ளே ஒன்றுமில்லை. கோபம் பல மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவும் துரை மேல் இல்லை, அந்தக் கட்டைவிரல் மேல்.

அவர் போன கையோடு புதுத் துரை வந்து சேர்ந்தார். சிங்களவர். காரிலிருந்து இறங்கியதும் அவர் மனைவி ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். எலும்பு. பங்களாவில் நல்ல நாயொன்று இருப்பதாகக் கந்தோர் ஆபீசில் சொன்னார்களாம், அதற்கென்று வழியில் வாங்கினாராம். எங்கே அது, கூப்பிடு பார்ப்போம் என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.