மழைக் குச்சிக்குக் கிளியரன்ஸ்

துறைமுகத்தை ஒட்டிய லான்மடாவில் நான் கிளியரிங் ஏஜென்ட்; வெளிநாட்டுச் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துத் தருவது வேலை. போன வெயில் காலத்தில் ஒருநாள் ஆற்றுக்கு அக்கரை ஊரான தன்லியினிலிருந்து கோ சுந்தரம் ஓடி வந்தார்; 'கோ' என்பது இங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. உளுந்து போடுபவர், பழைய கஸ்டமர். அவருடைய சரக்கு ஹார்பரில் இறங்கிக் கிடந்தது. மேகத்தில் கொளுத்தி மழை பெய்யவைக்கிற குச்சிகள். அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில் மேகத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்களாம். அங்கே விலைபோகாததை ஒரு வியாபாரி இவர் தலையில் கட்டியிருந்தான்.

"அக்கா, தடின்ஜுட் திருவிழா மத்தாப்புன்னு டிக்ளேர் பண்ணிடுங்க. மேகம் திரண்டு நிக்குது, குச்சியை மேலே கொண்டுபோக ட்ரோன்காரன் ரெடி. இந்த வாரம் மழை இல்லேன்னா உளுந்து அத்தனையும் கருகிடும். வருஷச் சோறு அதுதான்."

"அட புண்ணியவானே! திருவிழா முடிஞ்சு எத்தனை மாசமாச்சு? என் லைசென்ஸையும் சேர்த்துக் கொளுத்தவா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் டிக்ளரேஷன் நான் போட்டதில்லை, போடவும் மாட்டேன். வழக்கமான கேள்வியில் ஆரம்பித்தேன்.

"கன்சைனி யாரு? யார் பேருக்குச் சரக்கு வந்திருக்கு?"

"நான்தான்."

"சரி, குச்சிக்கு நீங்க. மழைக்கு?"

"மழைக்கெல்லாமா கன்சைனி, அக்கா?"

"உங்க வயலை ஒட்டிப் பச்சைச் செங்கல் காயுதே, அது யாரோடது?"

"அண்ணனோடது. நாங்க பேசிக்கிறதில்ல."

அந்த அண்ணனும் என் கஸ்டமர்தான். அங்கேயே ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"மழையா? என் கல்லு பூரா சேறாயிடுமே! நான் நடுத்தெருவுல நிக்கணுமா?" என்று கத்தினார் அண்ணன். கத்தி முடித்ததும் குரல் இறங்கியது. "களிமண் வெட்டின பள்ளத்துல தண்ணி சும்மாதான் நிக்குது. பம்பு வச்சு இறைச்சுக்கச் சொல்லுங்க. கேட்க அவனுக்கு வாயில்லையா?"

கோ சுந்தரம் ஃபோனைக் கையில் வாங்கி "அண்ணே" என்றார்.

சரக்கை உள்ளது உள்ளபடி டிக்ளேர் செய்து திருப்பி அனுப்பினேன். உளுந்து பிழைத்தது, செங்கல்லும் காய்ந்தது.

அந்த அமெரிக்க மாநிலத்தில் என்ன நினைத்துச் சட்டம் போட்டார்களோ, எனக்குத் தெரியாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சரக்கு கேட்கிறவரை மட்டும் விசாரிக்காதீர்கள். அது யார் தலையில் விழும் என்று பார்த்து, அவரையும் கேளுங்கள். பாதி நேரம் வழியே அவரிடம்தான் இருக்கும்.