காசிமேட்டில் ஒரு குதிரைவீரன்

எண்ணூரில் வேலையை விட்டுவிட்டு, விடியற்காலையில் காசிமேடு வழியாக நடந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் டிவியில் பார்த்த பழைய ஆங்கிலப் படம் மனதைவிட்டுப் போகவில்லை. இரும்புக் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் ஒரு பெண்ணுக்காகச் சண்டை போடும் கதை.

மீன் ஏலத்தில் ஒருவர் ஒரு மீன்காரம்மாவைப் பார்த்துக் கத்தினார். நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். எங்களை விலக்குவதற்குள், அந்த அம்மா கேட்டிருந்த வஞ்சிரம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

"ஏலம் வுடறவரு கத்தாம பாட்டா பாடுவாரு, நைனா? இன்னிக்கு நான் இன்னாத்த விக்கிறது?" என்றார்.

படத்தில் அந்த வீரனும் அந்தப் பெண்ணிடம் உதவி வேண்டுமா என்று கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மாவிடமே போய், "என்ன செய்யட்டும்க்கா?" என்று கேட்டேன்.

"கூடையத் தூக்கு" என்றார். தூக்கினேன்.