உச்சி சாயும்வரை

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு அக்டோபர் மாதத் தொடக்கம். தேங்காப்பட்டணத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். ஏழு மாதக் கர்ப்பம். கணவருக்குப் பம்பாய்க்கு அப்பால், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. அங்கே செல்போன் டவர் கிடையாது. சாட்டிலைட் வழியாக வரும் இன்டர்நெட்டில்தான் பேச்சு. பிரசவத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு தினமும் கூப்பிடுவார். அன்றைக்கும் கால் வீக்கம் வடிந்ததா, என்ன மீன் வாங்கினீர்கள் என்று வழக்கமான விசாரிப்புதான் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அவர் பக்கத்தில் அபாயச் சங்கு ஊதியது. "ஒரு நிமிசம் இரு" என்றார். அடுத்த கணம் குரல் துண்டு துண்டாக உடைந்து, போன் கட்டாகிவிட்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை. அவரோடு அதே மேடையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரருக்கும் போகவில்லை. சுற்றிலும் கடல், காலடியில் எண்ணெய், ஊதிய சங்கு, அப்புறம் ஒருவருக்கும் போன் போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது. மேடை தீப்பிடித்துவிட்டது என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அவசரமாகக் கை கால் கழுவித் தொழ ஓடினேன். மாமி தடுத்துவிட்டார்.

"இப்பம் தொழப்பிடாது மக்கா. சூரியன் உச்சியில நிக்குது. கொஞ்சம் சாயட்டும். கெடந்து கரையாத, கண்ணத் தொடச்சிட்டு அதுவரைக்கும் கைய ஏந்தி துஆ கேளு."

சூரியன் நடு உச்சியில் நிற்கும் அந்தச் சில நிமிஷம் எங்களுக்குத் தொழ விலக்கு. எனக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் அன்றைக்குச் சூரியன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நகர்ந்து தொலையேன் என்று திட்டக்கூடச் செய்தேன்! மாமி வாசல் தென்னையின் நிழலைப் பார்த்தபடி நின்றார். என்னைச் சமாதானப்படுத்தினாரே தவிர, அவரும் நிமிஷத்துக்கொரு தரம் முற்றத்தில் இறங்கி நிழலை அளந்து பார்த்தார். பெற்றவர் அல்லவா.

ஒருவழியாகப் பாங்கு சொன்னார்கள். குனிய முடியாததால் நான் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். பாதித் தொழுகையில் போன் அடித்தது. அவருக்கென்றே தனியாக வைத்திருந்த ரிங்டோன். எழவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஆள் உயிரோடு இருக்கிறார்! கண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டியது. எந்தத் தொழுகையிலும் நான் அப்படி நன்றி சொன்னதில்லை.

முடித்ததும் எடுத்தேன். "சங்கா? அது வாராவாரம் காலையில செக் பண்ண ஊதுறது, இன்னைக்கு லேட்டாயிட்டு. பயந்துட்டியா? போன கட் பண்ணினது சூரியனாக்கும்!" என்று சிரித்தார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சூரியன் வெளிச்சத்தையும் சூட்டையும் மட்டும் அனுப்புவதில்லை. ரேடியோ அலைகளையும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை, மார்ச் பக்கமும் அக்டோபர் பக்கமும் சில நாட்கள், அவர்களுடைய டிஷ் பார்க்கும் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்குமாம். அந்த இரைச்சலில் சாட்டிலைட்டின் மெல்லிய சிக்னல் அமுங்கிப்போகும். சூரியன் நகர்ந்ததும் தானாகச் சரியாகிவிடும்.

"நாளைக்கும் கட்டாவும், கேட்டியா? கரையாத."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமி முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். "அப்பம் உச்சியில தொழவும் பிடாது, போன் பேசவும் பிடாது!" அழுதுகொண்டே சிரித்தோம்.

மறுநாள் சொன்னபடியே பாதிப் பேச்சில் கட்டானது. நான் நிம்மதியாக மீன்குழம்பைக் கிளறப் போய்விட்டேன். பிரசவத்துக்கும் சொன்னபடி வந்துசேர்ந்தார்.

இப்போதும் யாருக்காவது போன் போகாமல் நெஞ்சு படபடத்தால், வாசலில் போய்த் தென்னையின் நிழலைப் பார்ப்பேன். அவ்வளவு பெரிய சூரியனே குறுக்கே வந்து நின்றாலும் கொஞ்ச நேரத்தில் விலகித்தான் ஆகவேண்டும் என்ற தைரியம் அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.